திருச்சி – யாழ்ப்பாணம்: 184 கிலோமீட்டருக்கு எதற்கு ஒரு மணி நேரம்?

யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள காரைநகரில் பிறந்து, திருமணமாகித் திருச்சிக்கு வந்துவிட்ட உங்கள் அம்மாவை 74ஆம் வயதில் மார்கழித் திருவாதிரைக்கு அங்குள்ள ஈழத்துச் சிதம்பரம் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போக விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள விமான தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 184 என்றும், இன்னோரிடத்தில் 114 என்றும், வேறோரிடத்தில் 99 என்றும் வருகிறது. பறக்கும் நேரமோ ஒரு கணக்கில் 22 நிமிடம், இன்னொரு கணக்கில் 44 நிமிடம், பயணச்சீட்டில் ஒரு மணி நேரம். எதை நம்புவது, அம்மாவால் அந்தப் பயணத்தைத் தாங்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. விமானங்களுக்குப் பறப்புத் திட்டம் போடும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த வழித்தடம் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் தூரம். நீங்கள் பார்த்த மூன்று எண்களும் சரியானவையே. ஒரே தூரம் மூன்று அளவைகளில் சொல்லப்பட்டிருக்கிறது. 184 என்பது கிலோமீட்டர். 114 என்பது நாம் பழைய மைல் கற்களில் பார்த்த தரை மைல். 99 என்பது கப்பலோட்டிகளும் விமானிகளும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கலையின் நீளமே ஏறத்தாழ ஒரு கடல் மைல் என்பதால், வரைபடத்தைப் பார்த்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்த வசதிக்காகத்தான் விமானத் துறை இன்றும் அதை விடாமல் வைத்திருக்கிறது.

நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு 10 பாகை 46 கலை, கிழக்கு 78 பாகை 43 கலையில் இருக்கிறது. பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் வடக்கு 9 பாகை 48 கலை, கிழக்கு 80 பாகை 4 கலையில் இருக்கிறது. தெற்கு நோக்கிய வேறுபாடு 58 கலை, அதாவது 58 கடல் மைல். கிழக்கு நோக்கிய வேறுபாடு 81 கலை. ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், இந்த அட்சரேகையில் அது சற்றுச் சுருங்கி 80 கடல் மைல் ஆகிறது. பள்ளியில் படித்த செங்கோண முக்கோணக் கணக்குப்படி 58இன் வர்க்கத்தையும் 80இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 98.8 வருகிறது. பூமியின் வளைவை முழுமையாகக் கணக்கில் எடுக்கும் சூத்திரங்களும் இந்த விடைக்கு மிக அருகிலேயே வந்து நிற்கும். பூமியைச் சரியான உருண்டையாகக் கொள்வதா, துருவங்களில் சற்றே தட்டையானதாகக் கொள்வதா என்பதைப் பொறுத்தும், விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் ஒரு கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்த நேர்கோட்டை வரைபடத்தில் இழுத்துப் பார்ப்பது மனதுக்கு நிறைவான காரியம். திருச்சியிலிருந்து தென்கிழக்காகப் புறப்படும் கோடு புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் மேலாகப் போய், பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே நுழைந்து, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் கரையைத் தாண்டுகிறது. அங்கே ஏறத்தாழ பாதி தூரம் முடிந்துவிடும். மீதிப் பாதியில் பெரும்பகுதி பாக்கு நீரிணை. மறுகரையை அது தொடுகிற இடம் கீரிமலைக்குப் பக்கம். அதிலிருந்து சில கிலோமீட்டரில் பலாலி. நடுவில் இருக்கும் கடலின் அகலம் 90 கிலோமீட்டருக்கும் குறைவு. திருச்சியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகும் தூரத்தைவிட அது குறைவு.

உண்மையில் விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. புறப்படும் ஓடுபாதையின் திசை, வகுக்கப்பட்ட வான்வழிகள், இறங்கும் ஓடுபாதையின் திசை ஆகிய மூன்றுக்கும் கட்டுப்பட்டே அது போக வேண்டும். போதாததற்கு, நடுக்கடலில் சென்னை வான்பகுதியின் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்பு வான்பகுதியின் கட்டுப்பாட்டுக்கு அது கைமாற வேண்டும். ஆகவே, 99 கடல் மைல் என்பது நடைமுறையில் 105 முதல் 115 வரை போகும் என்று வைத்துக்கொள்வதே பொருத்தம்.

இனி நேரம். உங்களுடைய குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

22 நிமிடம் என்ற கணக்கு எப்படி வந்தது என்பது எளிது. இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம். அதன் உச்சப் பயண வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. 184ஐ 500ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது 22 நிமிடம். 44 நிமிடம் என்ற கணக்கு வேறு வகையைச் சேர்ந்தது. இணையத்திலுள்ள பெரும்பாலான தூரக் கணிப்பான்கள், எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும், மணிக்கு 500 மைல் வேகத்தில் போகும் ஜெட் விமானத்தை மனத்தில் வைத்து வகுத்துவிட்டு, ஏறி இறங்க அரை மணி நேரம் என்று ஒரே அளவாகச் சேர்த்துவிடுகின்றன. இந்தத் தடத்தில் ஜெட் விமானம் பறக்கவில்லை என்பது அந்தக் கணிப்பானுக்குத் தெரியாது. 44 நிமிடம் உண்மைக்கு ஓரளவு அருகில் வந்தது தற்செயல்தான்.

பயணச்சீட்டில் உள்ள ஒரு மணி நேரத்தை நாங்கள் பிளாக் டைம் என்போம். நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்திருக்கும் தடைக்கட்டையை எடுத்த கணம் முதல், மறுமுனையில் நிறுத்திக் கட்டையை மீண்டும் வைக்கும் கணம் வரை உள்ள நேரம் அது. பறக்கும் நேரம் அதன் ஒரு பகுதி மட்டுமே. தரையில் உருண்டு ஓடுபாதையின் முனைக்குப் போவது, அனுமதிக்காகக் காத்திருப்பது, இறங்கிய பின் மெதுவாக நிறுத்துமிடத்துக்கு வருவது எல்லாம் அதில் அடங்கும். போக்குவரத்து நெரிசலோ வானிலையோ சற்றுத் தாமதப்படுத்தினாலும் அட்டவணை குலையாமல் இருக்கச் சில நிமிடங்களைக் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள்.

சரி, தரையில் செலவாகும் நேரத்தைக் கழித்தாலும் 35 முதல் 40 நிமிடம் வானில் இருக்க வேண்டியிருக்கிறதே, 22 நிமிடத் தூரத்துக்கு அது ஏன்? ஒரு விமானம் தன் முழு வேகத்தில் போவது மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகுதான். 15,000 அடி உயரத்தில் பறக்கத் திட்டம் போட்டிருப்பதாகக் கொள்வோம். அந்த உயரத்துக்கு ஏறவே ஏடிஆருக்குச் சுமார் 12 நிமிடமும் 70 கிலோமீட்டரும் வேண்டும். ஏறும்போது அதன் வேகம் பயண வேகத்தைவிட வெகுவாகக் குறைவு. இறங்குவதற்கு மூன்று பாகைச் சரிவில் வருவார்கள். அந்தச் சரிவில் ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 318 அடி இறங்கலாம். அதன்படி 15,000 அடி இறங்க ஏறக்குறைய 47 கடல் மைல், அதாவது 87 கிலோமீட்டர் தேவை. 70ஐயும் 87ஐயும் கூட்டிப் பாருங்கள்: 157. மொத்தமே 184 தான். ஆக, இந்த விமானம் மட்டமாக, முழு வேகத்தில் பறப்பதற்குக் கிடைப்பது 27 கிலோமீட்டர். மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். மீதி நேரமெல்லாம் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் இருக்கிறது. திருச்சி – யாழ்ப்பாணம் விமானத்தில் நடுப்பகுதி என்று ஒன்று அநேகமாகக் கிடையாது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும்.

சென்னை – யாழ்ப்பாணம் தடத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 354 கிலோமீட்டர். சென்னைக்கு நேர் தெற்கே யாழ்ப்பாணம் இருப்பதால், கோடு வங்கக் கடலோரமாகவே இறங்கி வருகிறது. தூரம் திருச்சியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நேரம் இரண்டு மடங்கா என்றால் இல்லை. ஒரு மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான் வருகிறது. கூடுதலாக உள்ள 170 கிலோமீட்டரை விமானம் முழு வேகத்தில் கடப்பதால் கூடுதலாகும் நேரம் 20 நிமிடம் மட்டுமே. முனைகளில் செலவாகும் 35, 40 நிமிடம் இரண்டு தடத்துக்கும் பொதுவானது. ஏடிஆர் பறக்கும் எந்தத் தடத்துக்கும் கிலோமீட்டரை 500ஆல் வகுத்து, அதோடு 35 முதல் 40 நிமிடம் கூட்டினால், பயணச்சீட்டு நேரம் ஐந்தாறு நிமிட வித்தியாசத்தில் கிடைத்துவிடும். தூத்துக்குடி – சென்னை 527 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாக வரும். ஏடிஆரில் போனவர்கள் அது சரிதான் என்பார்கள்.

ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே என்று பலர் கேட்கிறார்கள். பலாலியில் இப்போது பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை நம்மூரில் பறக்கும் ஏர்பஸ் 320 போன்ற விமானங்களுக்குப் போதுமானது அல்ல. குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்கவென்றே வடிவமைக்கப்பட்ட ஏடிஆர்தான் அங்கே பொருந்துகிறது. ஓடுபாதை நீண்டாலும், இவ்வளவு சிறிய தூரத்தில் ஜெட் தன் வேகத்தை எட்டும் முன்பே இறங்கத் தொடங்கியாக வேண்டும். ஐந்து நிமிடம் மிச்சமாவதற்கு அதிக எரிபொருளைக் கொட்ட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் தடத்துக்கு ஏற்ற வாகனம் விசிறி விமானமே. அதைப் பழையது, சிறியது என்று குறைத்து நினைக்க வேண்டாம். பேருந்துபோல் தெரிந்தாலும் அது முழுமையான, நம்பிக்கையான விமானம்.

அடுத்தது காற்று. நீங்கள் மார்கழியில் போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டே செயல்பட வேண்டும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகவும், பலாலி ஓடுபாதை வடகிழக்கு தென்மேற்காகவும் அமைந்திருக்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும்போது திருச்சியில் மேற்குப் பக்கமாக ஏறி, பிறகு முழுதாகத் திரும்பித் தென்கிழக்கைப் பிடிக்க வேண்டும். அந்தத் திருப்பத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் போய்விடும். மார்கழியிலோ வாடைக்காற்று. கிழக்கு நோக்கி ஏறிய விமானம் வலப்புறம் சற்றே திரும்பினால் போதும், யாழ்ப்பாணத்தின் திசை கிடைத்துவிடும். ஆனால் மேலே காற்று கிழக்கிலிருந்து வீசினால் அது போகும்போது எதிரே நிற்கும், வரும்போது பின்னாலிருந்து தள்ளும். மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் காற்று அடித்தாலும், இந்தச் சிறு தூரத்தில் போகும் நேரத்துக்கும் வரும் நேரத்துக்கும் நான்கு நிமிடம்தான் வேறுபடும். பயணச்சீட்டில் போக ஒரு நேரமும் வர ஒரு நேரமும் போட்டிருந்தால் அதைப் பிழை என்று எண்ண வேண்டாம். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டுமா என்ற கவலையும் வேண்டாம். 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்த இலங்கை, 2006 ஏப்ரலில் இந்திய நேரத்துக்கே திரும்பிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மணிதான்.

மார்கழி வானிலை பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்குப் பருவமழை அடங்கி வரும் காலம் அது என்றாலும், தாழ்ந்த மேகமும் திடீர் மழையும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கத்தான் செய்யும். இறங்க முடியாத நிலை வந்தால் மாற்று நிலையத்துக்குப் போய்ச் சேரவும், அங்கே அரை மணி நேரம் வட்டமிடவும் தேவையான எரிபொருளோடுதான் எந்த விமானமும் புறப்படும். இவ்வளவு நெருக்கமான தடத்தில் திருச்சிக்கே திரும்பி வருவதும் நடக்கக்கூடியதே. அப்படி நேர்ந்தால் அம்மா பதற்றப்படாமல் இருக்க, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். திருவாதிரைக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி நாளைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கும் நிம்மதி.

வீட்டு வாசலிலிருந்து கோயில் வாசல் வரை என்று கணக்கிட்டால்தான் அம்மாவின் உடம்புக்கு என்ன தேவை என்பது தெரியும். தூரம் உள்ளூர்ப் பயணத்தைவிடக் குறைவாக இருந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், நுழைவு அனுமதி, குடியகல்வுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எதுவும் தூரத்தைப் பார்த்துக் குறைவதில்லை. இலங்கையின் நுழைவு அனுமதி விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுவதால், புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எடை வரம்பையும் பயணச்சீட்டில் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் சிறிய விமானத்தில் அதைக் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். பலாலி சிறிய நிலையம். எழுபது, எண்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கி வரிசையில் நிற்பதால், வெளியே வர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து காரைநகருக்குப் பொன்னாலைப் பாலம் வழியாக முப்பது கிலோமீட்டர் அளவு. காரில் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். திருச்சியில் வீட்டிலிருந்து விமான நிலையம் போகும் நேரத்தையும் சேர்த்தால் மொத்தம் ஆறரை, ஏழு மணி நேரம் ஆகும். அதில் மட்டமாகப் பறப்பது அந்த மூன்று நிமிடம்.

ஏழு மணி நேரம் அதிகமாகத் தெரிந்தால், இந்த விமானம் வருவதற்கு முன்பு இருந்த வழியை நினைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்து, அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் போய் இறங்கி, பிறகு தரைவழியாக மீண்டும் 400 கிலோமீட்டர் அளவு வடக்கே ஏற வேண்டும். தரைவழிக்கு மட்டுமே ஏழு, எட்டு மணி நேரம். 184 கிலோமீட்டரில் உள்ள ஊருக்கு 800 கிலோமீட்டர் பயணம். இல்லாவிட்டால் சென்னைக்கு வடக்கே ஏறிப் போய் அங்கிருந்து மறுபடி தெற்கே வர வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அது 110 கிலோமீட்டர் கடல் பயணம், நான்கு மணி நேரம் அளவு. அருமையான பயணம்தான், ஆனால் வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது அதை நம்பி 74 வயது அம்மாவோடு நாள் குறிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இந்த வான்வழி ஒன்றும் புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பறப்பை நடத்தியபோது, கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பிய அந்த டகோட்டா விமானம் காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில் இறங்கி, பிறகுதான் மதராசுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அமைத்த தளம் அது. இலங்கைத் தீவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த அந்த விமானம் யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டு வந்தது. போர்க்காலத்தில் அந்தத் தொடர்பு முற்றிலும் அறுந்துபோய், பல பத்தாண்டுகள் கழித்து, 2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் வந்து இறங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. திருச்சியிலிருந்து நேரடியாகப் பறப்பது 2025 மார்ச் 30 அன்றுதான் தொடங்கியது. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாமில் எத்தனையோ குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. தங்கள் சொந்த ஊருக்குப் போகும் விமானம் தங்கள் வீட்டுக்கு அருகிலிருந்தே எழும்பும் நாளும் வந்தது என்பது எனக்கு இன்றைக்கும் நெஞ்சை நிறைக்கும் செய்தி. எல்லாருக்கும் அதில் ஏறும் பயண ஆவணம் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அம்மாவின் வசதிக்காகச் சில விஷயங்கள். ஏடிஆரில் பயணிகள் ஏறும் வாசல் வாலுக்கு அருகில், இடப்புறத்தில் இருக்கும். முன்புறம் தெரியும் கதவு பெட்டிகளுக்கானது. படிகள் ஐந்தாறுதான் என்றாலும் முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலி உதவியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பின்பக்க இருக்கையாக எடுத்தால் உள்ளே நடக்கும் தூரம் குறையும். விசிறியின் இரைச்சலும் அங்கே சற்றுக் குறைவு. இருக்கைகள் பக்கத்துக்கு இரண்டாக இருப்பதால் மூன்றாவது ஆளைத் தாண்டி எழுந்து வர வேண்டிய சங்கடம் கிடையாது. பயணிகள் விமானத்துக்குள் ஏறும்போது இடப்பக்க விசிறி அசையாமல் நிற்க, வலப்பக்கத்திலிருந்து இயந்திரத்தின் ஓசை மட்டும் வரலாம். அங்கே போய்ப் பார்த்தால் அந்த விசிறியும் சுழலாமல்தான் இருக்கும். இயந்திரம் கோளாறு என்று அம்மா பயந்துவிட வேண்டாம். பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் துணை மின் இயந்திரம் ஏடிஆரில் இல்லை. அதனால் வலப்பக்க இயந்திரத்தை ஓடவிட்டு, விசிறியை மட்டும் தடைபோட்டு நிறுத்தி, விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் மின்சாரமும் காற்றும் எடுத்துக்கொள்வார்கள். எல்லாரும் ஏறிக் கதவை மூடிய பிறகு தடையை விடுவித்ததும் ஆறு இலைகளும் மெல்ல அசைந்து, பிறகு கண்ணுக்குத் தெரியாத வட்டமாகிவிடும்.

நான் அந்தத் தடத்தில் போனபோது, சக்கரம் திருச்சி மண்ணை விட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். தென்னந்தோப்புகள் சிறுத்துக்கொண்டே போய்க் கரை வந்தபோது இன்னும் ஏறி முடித்திருக்கவில்லை. தண்ணீர்ப் புட்டியைத் திறந்து இரண்டு வாய் குடித்து மூடுவதற்குள் இயந்திரத்தின் சுருதி இறங்கிவிட்டது. இறங்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. நடு வரிசையில் அமர்ந்திருந்ததால், வயிற்றுப் பகுதியிலிருந்து சக்கரம் வெளியே விரிந்து பூட்டிக்கொள்வதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க முடிந்தது. அது ஓடுபாதையைத் தொட்டபோது கடிகாரத்தில் நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

கடைசியாக இருக்கை. ஏடிஆரின் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. கரையைத் தாண்டும்போது இடப்பக்க ஜன்னலில் தூரத்தே கோடியக்கரை முனை தெரியும். தென்மேற்குக் காற்றுக் காலமாக இருந்தால் விமானம் வடகிழக்குப் பக்கமாகச் சுற்றி வந்து இறங்கும். தீவுகள் வலப்பக்கத்தில் தொலைவாகத் தெரியும். மார்கழி வாடையில் வடகிழக்கை நோக்கி இறங்க வேண்டியிருப்பதால், விமானம் குடாநாட்டின் தென்மேற்குப் பக்கம் போய், அங்கே இடப்புறமாகச் சாய்ந்து திரும்பி ஓடுபாதையைப் பிடிக்கும் வாய்ப்பே அதிகம். அப்படிச் சாயும்போது இடப்பக்கத்தில் இருப்பவர்களின் ஜன்னலில்தான் கடலும் தீவுகளும் நிறைந்து நிற்கும். ஆகவே போகும்போது அம்மாவுக்கு இடப்பக்க ஜன்னல், அதாவது ஏ எழுத்து இருக்கையை எடுங்கள். மேகம் இல்லாவிட்டால், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் தண்ணீருக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையையும், கோவளம் வெளிச்சவீட்டையும், பொன்னாலையிலிருந்து கடலைக் கீறிக்கொண்டு போகும் பாலத்தையும் அவர் தேடட்டும். அவர் பிறந்த ஊர் ஆயிற்றே, உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்.